இரண்டு கழிகளுக்கு நடுவே ஒரு தாய்மாமன்

சந்தவாசலில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, உரக்கடைக்கும் சலூனுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது திரௌபதியின் தையல் கடை. அவள் மிஷினை மிதிக்காத நாள் ஊரில் யாருக்கோ ஜாக்கெட் இல்லாத நாள். வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே அளவு எடுப்பாள், கடித்துக்கொண்டே பேசவும் செய்வாள். ஊசி இல்லாத நேரத்தில் அவள் பேச்சு எப்படி இருக்கும் என்று கேட்கவே வேண்டாம். புருஷன் சிவசங்கர் டூவீலர் மெக்கானிக், பரம சாது. பெண்டாட்டி குரல் உயரும்போதெல்லாம் ஸ்பேனரைக் காணோம் என்று தேட ஆரம்பித்துவிடுவான். ஸ்பேனர் அவன் கையிலேயே இருக்கும்.

இப்படிப்பட்டவளைப் போய் ஊரில் சிலர் இன்று "சுற்றுச்சூழல் அக்கா" என்கிறார்கள். அவளுக்கு அந்தச் சொல்லைச் சரியாக உச்சரிக்கவே இரண்டு மூச்சு வேண்டும். மரம் நட்டவள் இல்லை, மேடையில் பேசியவள் இல்லை. அவள் செய்தது எல்லாம் ஒரே ஒரு பிடிவாதம். அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் அவள் முகமே.

எங்கள் பக்கத்தில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம், சாவு எதுவானாலும் முதல் வேலை ஃப்ளெக்ஸ் பேனர். பந்தல், சமையல் எல்லாம் அப்புறம்தான். பேனரில் குடும்பத்துத் தலைகள் அத்தனையும் இருந்தாக வேண்டும். தலையின் அளவுதான் மரியாதையின் அளவு. தாய்மாமன் தலை பூசணிக்காய், சித்தப்பன் தலை தேங்காய், ஒன்றுவிட்ட பங்காளிகள் எல்லாம் கீழ்வரிசையில் எலுமிச்சம்பழம். காயும் பழமும் இடம் மாறினால் வெட்டுப்பழி குத்துப்பழிதான்.

திரௌபதியின் அண்ணன் மணிவேல் கண்ணமங்கலத்தில் ஹாலோ பிளாக் கல் போடுகிறவன். பேனர் என்றால் உயிரை விடுவான். அவனுக்கென்றே ஒரு போட்டோ உண்டு. கூலிங் கிளாஸ், பட்டுச்சட்டை, காதில் செல்போன். ஊரையே வருக வருக என்று கூப்பிடுகிற மனுஷன் அதே நேரத்தில் போனில் யாரோடு பேசுகிறான் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு புலி நிற்கும். ஜவ்வாது மலையில் கரடி பார்த்தவர்கள் உண்டு, புலி பார்த்தவர்கள் கிடையாது. அந்தப் புலி பேனர் கடை கோகுல்ராஜின் கம்ப்யூட்டரில் வளர்ந்தது.

திரௌபதி ஒன்றும் அப்போது யோக்கியம் இல்லை. அண்ணன் தன் கிரகப்பிரவேசத்துக்குச் சந்தவாசலில் வைத்த பேனரில் தன்னை எலுமிச்சம்பழ வரிசையில் போட்டுவிட்டான் என்று கோகுல்ராஜ் கடைக்கே போய் சண்டை பிடித்து, சாத்துக்குடி அளவுக்கு உயர்த்தச் சொல்லிவிட்டு வந்தவள்தான்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் அடித்தது. ஏரிக்குக் கீழே அவர்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. நெல் தலை சாய்ந்து அறுப்புக்கு நின்றது. ஒரு காலை போய்ப் பார்த்தால் வயலைக் காணோம், குளம்தான் இருக்கிறது. ரோட்டுக்கு அடியில் வாய்க்கால் தண்ணீர் போகிற மோரியில் ஏதோ அடைத்துக்கொண்டு, தண்ணீர் திரும்பி வயலில் ஏறியிருந்தது. ஏரித் தண்ணீர் பார்க்கும் முனிசாமி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையை விட்டு இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. பெரிய மலைப்பாம்பு ஒன்றைப் பிடுங்குவதாக நினைத்துப் பத்துப் பேர் வேடிக்கை பார்த்தார்கள். கரையில் போட்டு விரித்தபோது சேற்றுக்கு நடுவில் கையைக் கூப்பிக்கொண்டு, பல் அத்தனையும் தெரியச் சிரித்தபடி திரௌபதி இருந்தாள். சாத்துக்குடி அளவில். பக்கத்தில் "வருக வருக".

முனிசாமி பேனரைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீயே கூப்ட்டுகீறயேம்மா, தண்ணி வராம இன்னா பண்ணும்?" என்றார்.

கூடியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பு மலையில் எதிரொலித்தது. திரௌபதி மட்டும் சிரிக்கவில்லை. அழுகிய நெல்லைவிட அந்தச் சிரிக்கும் முகம்தான் அவளை அதிகம் எரித்தது. அடுத்தவன் பேனராக இருந்திருந்தால் அடுத்தவனைத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். இதில் திட்டுவதற்கு அவளைத் தவிர ஆள் இல்லை. இனிமேல் என் வீட்டு விசேஷத்துக்கும் சரி, என் முகத்துக்கும் சரி, பேனர் கிடையாது என்று வாய்க்கால் கரையிலேயே சொல்லிவிட்டாள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு சபதம் போடாமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்று ஊர் கேலி பேசியது.

மகளிர் குழுக் கூட்டத்தில் எழுந்து இதைப் பற்றிப் பேசிப் பார்த்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த வாரமே குழுத்தலைவி வீட்டு வளைகாப்புக்குப் பெரிய பேனர் நின்றது. பேச்சு செல்லாது என்று திரௌபதிக்குப் புரிந்தது. செல்லக்கூடியது ஒன்றுதான் அவளிடம் இருந்தது. பேனர் வைக்கிற வீட்டு ஜாக்கெட்டுகள் தாமதமாக ஆரம்பித்தன. மறுக்கமாட்டாள், திட்டமாட்டாள். "மிஷின் ரிப்பேரு" என்பாள். பேனர் இல்லை என்று சேதி வந்ததும் மிஷின் சரியாகிவிடும். விசேஷத்துக்கு முந்தின நாள் ஜாக்கெட் இல்லாத பெண்பிள்ளைக்கு இருக்கும் வேகம் எந்தச் சட்டத்துக்கும் இல்லை. ஒரே வருஷத்தில் அந்தத் தெருவில் பேனர் பாதியாகக் குறைந்தது. பதிலுக்கு, பேனர் வைக்காத வீட்டுக்கு வெட்டி மிஞ்சிய துணியில் முக்கோணம் முக்கோணமாகத் தைத்துத் தோரணம் கொடுத்தாள். விசேஷம் முடிந்ததும் துவைத்துத் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் மறுபடியும் மிஷின் ரிப்பேர்.

அண்ணனிடம் மட்டும் இந்த வித்தை பலிக்கவில்லை. அவன் ஜாக்கெட் போடுகிறவன் இல்லை.

அண்ணனை நினைத்தால் அவள் பிடிவாதம் கொஞ்சம் இளகும். அப்பா செத்தபோது மணிவேலுக்கு மீசைகூட முளைக்கவில்லை. சூளையில் கல் சுமந்து அவளைத் தையல் படிக்க வைத்தான், மிஷின் வாங்கிக் கொடுத்தான், கட்டிக் கொடுத்தான். சூளையில் அவனை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டேய் கல்லு" என்றுதான் கூப்பிடுவார்கள். முதல்முதலாகக் கண்ணமங்கலம் ரோட்டில் அவன் முகமும் பெயரும் பெரிதாக நின்ற அன்று, அதன் எதிரில் டீக்கடையில் உட்கார்ந்து சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டே இருந்தான். அவளுக்கு அது தெரியும். அவளுக்கு ஃப்ளெக்ஸ் என்பது மோரியை அடைக்கும் சனியன், அவனுக்கு அது பெயர். இரண்டும் உண்மையாக இருந்ததுதான் கஷ்டம்.

இப்படி இருக்கையில் மகள் நிவேதாவுக்குக் காதுகுத்து வந்தது. குலதெய்வம் வேடியப்பன் கோயில் மலைச்சரிவில் இருக்கிறது. ரோட்டில் இறங்கிப் பாதையில் ஏற வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமன் உயிரோடு இருக்கும்போது வேறு மடி செல்லாது. திரௌபதி வெற்றிலைத் தட்டோடு கண்ணமங்கலம் போனாள். தட்டை வாங்குவதற்கு முன்பே அண்ணன் ஆரம்பித்தான்.

"பேனரு எத்தினி அடி போட்டுக்கலாம்?"

"பேனரு வாணாண்ணா. குருத்தோலை, மாவிலை, அவ்ளோதான்."

மணிவேல் தட்டை வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். "அப்புறம் நான்தான் தாய்மாமன்னு எவனுக்குத் தெரியும்?"

"ஒம் மடியிலதான ஒக்காரப் போவுது. பாக்கறவங்களுக்குத் தெரியாதா?"

"மடி மேல மலையில கீது. ரோட்ல போறவனுக்கு எப்டித் தெரியும்?"

அவள் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். கடைசியில் "சரி, பாத்துக்கலாம்" என்று தட்டை வாங்கிக்கொண்டான். அவன் அகராதியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நான் நினைத்ததைத்தான் செய்யப் போகிறேன் என்று அர்த்தம். கூடப் பிறந்தவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் மறந்துவிட்டாள்.

விசேஷத்தன்று விடிந்ததும் பொங்கல் பானை சட்டிகளோடு வண்டியில் வந்து மலையடியில் இறங்கினால், ரோட்டோரம் இரண்டு சவுக்குக் கழிகளுக்கு நடுவே அண்ணன் நிற்கிறான். கூலிங் கிளாஸ், செல்போன், புலி. கம்ப்யூட்டர் தயவில் அவன் மடியில் நிவேதா. அவள் காதில் குத்தாமலே கம்மல். கீழே ஓரத்தில், மோரியை அடைத்த அதே பழைய போட்டோவில், பல் அத்தனையும் தெரியத் திரௌபதி.

சிவசங்கர் வண்டியில் ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தான்.

திரௌபதி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பித்தளைப் பானையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று கயிற்றை அவிழ்த்தாள். கடைசி முடிச்சை அவிழ்த்து ஃப்ளெக்ஸைச் சுருட்டும்போது கார் வந்து நின்றது. மணிவேல் இறங்கினான். அதே பட்டுச்சட்டை, அதே கூலிங் கிளாஸ். புலி மட்டும் இல்லை. நேராக வெறும் கழிகளுக்கு நடுவில் போய் நின்று கையைக் கட்டிக்கொண்டான்.

"அது எங்க நின்னுதோ அங்கியே நிக்கறேன். அத்த திருப்பிக் கட்டு, மலை ஏறி வர்றேன். இல்லனா ஒம் பொண்ணு காத எவன் மடியில வேணா வெச்சி குத்திக்கோ."

அவன் குரல் உயரவில்லை. அதனால்தான் அது வெறும் மிரட்டல் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. எவன் மடி என்று அவன் வாயிலிருந்து வந்த பிறகு என்ன பேசுவது? அவளுக்கும் ரோஷம் இருந்தது. சுருட்டிய ஃப்ளெக்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு பாதையில் ஏறிவிட்டாள். பொங்கல் பொங்கியது, அவள் மனசு பொங்கவில்லை. அடுப்பை ஊதும் சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சொந்தக்காரர்கள் ஒவ்வொரு குழுவாக மேலே வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்த சித்தப்பா மூச்சு வாங்கிக்கொண்டே, தாய்மாமன் என்றால் உங்கண்ணன் மாதிரி இருக்க வேண்டும் என்றார். குத்திக் காட்டுகிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள். இந்தக் காலத்தில் ரோட்டில் வந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டு யார் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு பெரியம்மா மூக்கைச் சிந்தினாள். தன் பையைப் பாதி தூரம் சுமந்து வந்து கொடுத்ததாக ஒரு கிழவர் சொன்னார். அதுவும் இரண்டு கழி நட்டு, பேனர் மாதிரியே நடுவில் நிற்கிறானே, என்ன யோசனை, என்ன யோசனை என்று இளவட்டங்கள் அவனோடு எடுத்த செல்ஃபியை அவளிடமே காட்டினார்கள். முதல் படத்தில் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்தான். அடுத்ததில் கை கூப்பியிருந்தது. அதற்கடுத்ததில் கூலிங் கிளாஸைக் கழற்றியிருந்தான்.

திரௌபதிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. போட்டோ என்றால் அவன் சாகும்போதும் சிரிப்பான், அதை வைத்து என்ன முடிவுக்கு வருவது? புருஷனைத் தூது அனுப்பினாள். போனவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தனியாகத்தான் வந்தான்.

"மச்சான் பிசியா கீறாரு" என்றான்.

ஆசாரி கம்மலையும் ஊசியையும் எடுத்து வைத்துவிட்டார். நல்ல நேரம் முடியப் போகிறது, தாய்மாமனைக் கூப்பிடுங்கள் என்று பூசாரி மைக்கில் சொன்னார். மலையே கேட்டது, மாமன் மட்டும் வரவில்லை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு நிவேதா, "மாமா எங்கம்மா?" என்று கேட்டாள்.

அந்த ஒரு கேள்வியில் திரௌபதியின் சபதம் கழன்றுகொண்டது. எந்த மோரி அடைத்தால் என்ன, எந்த ஊர் சிரித்தால் என்ன, இருப்பது ஒரே அண்ணன். புளியமரத்தடியில் கிடந்த ஃப்ளெக்ஸ் சுருளைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். அவளிடம் ஜாக்கெட்டுக்காக நடையாய் நடந்த பெண்கள் அத்தனை பேரும் எதிரே ஏறி வந்துகொண்டிருந்தார்கள். பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது.

கீழே மணிவேல் ஒரு வேன் கூட்டத்தை வழியனுப்பிக்கொண்டிருந்தான். பட்டுச்சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. முகம் வெயிலில் செம்பாகச் சிவந்திருந்தது. கும்பிட்டுக் கும்பிட்டு இரண்டு கையும் சேர்ந்தே நின்றன. அவள் சுருளைக் கழியடியில் இறக்கி வைத்தாள்.

"கட்டிக்கோண்ணா. நீதான் வேணும். எனக்கு வேற ஒண்ணும் வாணாம்."

மணிவேல் சுருளைப் பார்த்தான். பிறகு இரண்டு கழிகளையும் ஒரு தரம் பார்த்தான். பங்காளிகள் நிலத்தை அளக்க வந்தால் பார்ப்பது போல் இருந்தது அந்தப் பார்வை.

"அத்த கட்டிட்டா அப்புறம் நான் எங்க நிக்கறது?" என்றான்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எது வெளியே வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. காலையிலிருந்து நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினான். முதலில் வந்த சித்தப்பா கும்பிட்டதும் சும்மா இருக்க முடியாமல் தானும் கும்பிட்டது, வழியில் போன பஸ்ஸை நிறுத்தி டிரைவர் யார் வீட்டு விசேஷம் என்று கேட்டது, மாமன் பெயர் என்ன என்று முன்பின் தெரியாத ஒருவர் விசாரித்துவிட்டுப் போனது. பேனர் வைத்த எந்த விசேஷத்திலும் ஒருத்தரும் தன்னிடம் வந்து பெயர் கேட்டதில்லை என்றான்.

சரி, கிளம்பு, நேரமாகிறது என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் நகரவில்லை. போளூர் பஸ் இன்னும் வரவில்லையாம். அதில் மங்கம்மாள் அத்தை வருகிறாளாம். வந்து இறங்கும்போது கூப்பிட ஆள் இல்லாவிட்டால் அதே பஸ்ஸில் திரும்பிப் போய்விடக்கூடிய கிழவி அவள். எல்லோரையும் நின்று கூப்பிட்டுவிட்டு அவளை மட்டும் விட்டால் ஆயுசுக்கும் பேச்சு இருக்காது. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. மேலே பூசாரி மைக்கில் மறுபடியும் நேரத்தைச் சொன்னார்.

மடிக்கு மாமன்தான் போக வேண்டும். ரோட்டில் நிற்க, கேட்டால் ஆயிரம் பேர் கிடைப்பார்கள். ஆனால் இந்த இடத்தில் வேறு யாரை நிறுத்துவது? பேனர் வேண்டாம் என்று அவிழ்த்தது யார்?

"நீ போண்ணா. நான் நிக்கறேன்."

"புள்ளைக்குக் காது குத்தறப்ப நீ இல்லாமயா?"

"போன்னா போ. நேரம் போவுது."

மணிவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். நாலு எட்டு போனவன் திரும்பி வந்து, சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும், கன்னம் வலிக்கும், விடக்கூடாது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு மறுபடி ஓடினான்.

திரௌபதி இரண்டு கழிகளுக்கு நடுவில் நின்றாள். வெயில் உச்சந்தலையில் இறங்கியது. ஒரு மாடு வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனது. அவளும் அதற்குச் சிரித்து வைத்தாள். மேலே மேளம் வேகம் பிடித்தது. மைக்கை யாரோ மடிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, ஆசாரி தொண்டையைச் செருமுவதுகூடக் கேட்டது. பிறகு "அம்மா" என்று நிவேதா ஒரே வீறாக அலறினாள். அடுத்த நொடி அதைவிடப் பெரிதாக ஒரு ஆம்பிளைக் குரல் விசும்பி அழுதது. அது அண்ணன்.

பெற்றவள் கால் தானாகப் பாதைப் பக்கம் திரும்பி ஓர் அடி எடுத்து வைத்தது. அப்போது வளைவில் ஹாரன் கேட்டது. திரௌபதி எடுத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு, இடத்தில் நின்று, கையைக் கூப்பினாள். கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. பஸ் நின்றது. மங்கம்மாள் அத்தை ஒவ்வொரு படியாக இறங்கி, இடுப்பில் கையை வைத்து நிமிர்ந்து, வெயிலில் நிற்பவளை ஏற இறங்கப் பார்த்தாள். கிழவியின் வாய் கோணி, கண் கலங்கியது.

"என்னைப் பாத்துட்டா அளுவுற?" என்றாள்.

"ஆமாத்தே" என்றாள் திரௌபதி.